தேய்ந்த தூண்டுமுனை: தேஹு ரோட்டுப் பட்டறையிலிருந்து ஒரு தொழில்நுட்ப வரலாறு

சென்ற மாதம் நடந்த ஆய்வு முன்னேற்றக் கூட்டத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. "மோட்டார் பழுதுபார்ப்பின் வரலாற்றை எழுதுவதாகச் சொல்கிறீர்கள். அதற்கு ஆவணம் எங்கே இருக்கிறது?" கேட்டவர் மூத்த அறிஞர், கேள்வியிலும் குற்றமில்லை. பட்டறைகள் கோப்பு வைப்பதில்லை. மேஸ்திரிகள் நாட்குறிப்பு எழுதுவதில்லை. அன்று நான் சொன்ன மறுமொழி தடுமாற்றமாகவே இருந்தது. அதைச் சற்று ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கும் முயற்சியே இந்தப் பதிவு. தேஹு ரோட்டில் ஒரு பட்டறையில் நான் கையில் வாங்கிப் பார்த்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் உலோகத் தகட்டைப் பற்றியது இது. பதிவு நீளமானது; நேரமிருக்கும்போது படிக்கலாம்.

தேஹு ரோட்டை அறியாதவர்களுக்கு ஒரு சொல். இந்திராயணி ஆற்றங்கரையில் துக்காராம் பிறந்த தேஹு என்னும் ஊர் வேறு; அதற்குச் செல்லும் சாலை பிரியும் இடத்தில் ரயில் நிலையத்தையும் படைக்கலக் கிடங்குகளையும் சுற்றி வளர்ந்த தேஹு ரோடு வேறு. 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவிய இடம் இதுதான். கிடங்குகளிலும் ரயில்வேயிலும் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. பழைய மும்பை–புணே நெடுஞ்சாலை ஊரின் நடுவே செல்கிறது. அதில் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் நிக்டி, ஆகுர்டி, சிஞ்ச்வாட், பிம்ப்ரி என இந்திய மோட்டார்த் தொழிலின் பெரிய பெயர்கள் வரிசையாக வரும். மேற்கே போனால் தளேகாவ்ன். ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் தன் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிவிட்டு இந்தியாவை விட்டுப் போனது. 2008இல் தளேகாவ்னில் புதிய தொழிற்சாலையைத் திறந்தது. 2017இல் இந்தியச் சந்தையில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஒரே நிறுவனம் இருமுறை விடைபெற்ற கதை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே அதன் முதல் பாதி மட்டும் நமக்குத் தேவைப்படும்.

நான் சொன்ன தகடு, 1970களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஆறு சிலிண்டர் ஐரோப்பியக் கார் ஒன்றின் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளிருந்து எடுக்கப்பட்டது. தகட்டின் மேல் இரண்டு சிறு மின்தொடர்பு முனைகள் எதிரெதிராக அமர்ந்திருக்கின்றன. பழைய பியட், அம்பாசிடர், பஜாஜ் ஸ்கூட்டர் ஆகியவற்றைப் பழுதுபார்த்த எவரும் இதைக் கண்டவுடன் 'பாயிண்ட்' என்றே சொல்வார்கள். தோற்றத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பற்றவைப்புப் பொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தப் பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரின் மேல்தட்டில் தனியே இருக்கிறது. இது அடித்தட்டில், பற்றவைப்பு நேரத்தை முன்தள்ளும் எடைகளுக்கும் கீழே ஒளிந்திருக்கிறது. எஞ்சினுக்குப் பெட்ரோலை எப்போது பீய்ச்ச வேண்டும் என்று ஒரு மின்னணுப் பெட்டிக்குச் சொல்வதே இதன் வேலை. மேலைநாட்டுக் கையேடுகளில் டிரிக்கர் பாயிண்ட் என்பர். நான் தூண்டுமுனை என்று எழுதுகிறேன்.

இந்த மின்னணுப் பெட்டியின் கதையை வழக்கமான வரலாறுகள் எப்படிச் சொல்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957இல் எலக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு எரிபொருள் பீய்ச்சு முறையை அறிவித்தது. 1958ஆம் ஆண்டு மாதிரிகளில் கிரைஸ்லர் நிறுவனம் அதைச் சில டஜன் கார்களில் மட்டும் பொருத்தியது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பின்னர் கார்புரேட்டரே திரும்பி வந்தது. டிரான்சிஸ்டர்களும் மின்தேக்கிகளும் அன்று கார் எஞ்சினின் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்கும் நிலையில் இல்லை. பெண்டிக்ஸின் காப்புரிமைகளுக்கு உரிமம் பெற்றுக்கொண்ட ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967இல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் அதே கருத்தை நிலைக்கச் செய்தது. 'டி' என்பது அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு மாதிரி முதல் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வரவிருந்ததால், அந்தச் சந்தைக்கான ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டியில் அது முதன்முதலில் இடம்பெற்றது. பிறகு மெர்சிடிஸ், வால்வோ, சாப், சித்ரோவன், போர்ஷெ 914 எனப் பரவியது. 1970களின் நடுவில் எல்-ஜெட்ரானிக்கும் கே-ஜெட்ரானிக்கும் வந்தபின் டி-ஜெட்ரானிக் மெல்ல ஒதுங்கியது. பாடநூல்களில் இந்தக் கதை இங்கே முடிந்துவிடும். பத்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட ஆயுள். பின்வந்த கணினிக் கட்டுப்பாட்டுக்கு ஒரு படிக்கட்டு.

என் மனத்தாங்கல் இந்த 'முடிந்துவிடும்' என்பதில்தான். 1970களில் உற்பத்தி குறைந்து நின்ற ஒரு பொறி, 2020களில் தேஹு ரோட்டில் தினமும் ஓட வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட நாற்பது, ஐம்பது ஆண்டுகள் யாருடைய வரலாறு?

இதற்கு விடைகாண அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பெட்ரோல் சுமார் 2 பார் அழுத்தத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் உள்வாயிலிலும் உள்ள மின்காந்த நாசிலில் காத்திருக்கிறது. நாசில் திறந்தால் பெட்ரோல் பீய்ச்சும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல். அந்த நேரம் சில மில்லிவினாடிகளே. அதை முடிவு செய்வது மின்னணுப் பெட்டி. உள்ளிழுக்கும் குழாயின் காற்றழுத்தத்தை ஓர் உணரி அளந்து சொல்ல, எஞ்சின் வெப்பம் முதலிய பிறவற்றையும் கணக்கிட்டு, தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆன அந்தச் சுற்று நாசில் திறந்திருக்கும் நேரத்தை வகுக்கிறது. ஆனால் எஞ்சின் இப்போது எந்தச் சுழற்சியில் நிற்கிறது, எந்த நாசில்களின் முறை இது என்பது பெட்டிக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் தூண்டுமுனை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் நாசில்கள் இரண்டிரண்டாக இரு குழு; ஆறு சிலிண்டரில் மூன்று மூன்றாக இரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முனை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஒருமுறை சுற்றும்போது ஒவ்வொரு முனையும் ஒருமுறை திறந்து மூடும். இரண்டும் தண்டின் சுற்றில் 180 பாகை விலகி அமைந்தவை. முனைகள் ஒன்றையடுத்து ஒன்று இயங்கும் இடைவெளியிலிருந்து எஞ்சினின் வேகத்தையும் பெட்டி அறிந்துகொள்கிறது.

ஆக, அன்றைய மின்னணுவியலின் உச்சத்தில் இருந்த ஒரு கருவி, உலகத்தைப் பற்றிய தன் அடிப்படை அறிவை ஒரு நார்த்துண்டிடமிருந்து பெற்றுக்கொண்டிருந்தது. முனையைத் தூக்கித் திறப்பது தண்டிலுள்ள கேம். கேமின் மேல் உராய்ந்துகொண்டே இருப்பது முனைக்கரத்தில் பொருத்திய, குதிகால் போன்ற ஒரு நார்த்துண்டு. பட்டறை வழக்கில் 'ஹீல்'. பற்றவைப்புப் பாயிண்டில் பெரிய மின்னோட்டம் பாய்வதால் முனைகளே கருகும், குழி விழும். தூண்டுமுனையில் செல்லும் மின்னோட்டம் மிகச் சிறியது, முனை எரிவதில்லை. ஹீல் மட்டும் தேய்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் உராய்ந்து உராய்ந்து மயிரிழை மயிரிழையாகக் குறைகிறது. ஹீல் குறையக் குறைய கேம் முனையைத் தூக்கும் உயரமும் குறைகிறது. திறக்கும் கணம் பிந்துகிறது, மூடும் கணம் முந்துகிறது, இடைவெளி சுருங்குகிறது. ஒரு நாள் திறப்பதே நின்றுவிடுகிறது. அன்றைக்கு அந்தக் குழுவின் மூன்று சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்று பிளக் பழுப்பாக இருக்கும். மூன்று பிளக் பெட்ரோல் வாடையே இல்லாமல் உலர்ந்திருக்கும். பொறி நன்றாக வருகிறது, பம்ப் ஓடுகிறது, ஆனால் அரை எஞ்சின் உறங்குகிறது. இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் எத்தனை பேர் நல்ல பெட்ரோல் பம்பைக் கழற்றி எறிந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அக்காலப் பட்டறைக் கையேடுகள் இதற்கு ஒரே மருந்தைத்தான் சொல்கின்றன: தூண்டுமுனையைச் சரிசெய்ய இயலாது, மாற்றுக. பற்றவைப்புப் பாயிண்டில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க நீள்துளையும் திருகும் உண்டு. தூண்டுமுனைத் தகட்டில் அப்படி ஒன்றும் இல்லை. பாஷின் பொறியாளர்கள் அதை வேண்டாமென்றே விட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பீய்ச்சும் கணம் சற்று முன்பின் ஆனாலும் கெடுதல் அதிகமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பெட்ரோல் வால்வுக்கு வெளியே, வாயிலில்தானே பீய்ச்சப்படுகிறது. வால்வு திறக்கும்வரை அங்கே காத்திருக்கும். வண்டியின் ஆயுளைவிட ஹீலின் ஆயுள் நீளம் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கக்கூடும். அவர்கள் வண்டிக்கு வைத்த ஆயுள் வேறு, நாம் வைத்த ஆயுள் வேறு. அடுத்து வந்த எல்-ஜெட்ரானிக் இந்தச் சிக்கலையே ஒழித்துவிட்டது: எல்லா நாசில்களையும் ஒரே நேரத்தில் திறப்பதால் எந்தக் குழுவின் முறை என்ற கேள்வியே எழவில்லை, வேகத்தைப் பற்றவைப்புச் சுற்றிலிருந்தே அறிந்துகொண்டது. தூண்டுமுனை என்ற உறுப்பு அத்தோடு வடிவமைப்பாளர்களின் மேசையிலிருந்து மறைந்தது. புதிய வண்டிகளுக்குத் தேவையற்றதாகிவிட்ட உதிரியைத் தேடிப் பிடிப்பது ஐரோப்பாவிலேயே கடினம். இந்தியாவில் சொல்லவே வேண்டாம்.

இந்தியாவுக்கு இந்த வண்டிகள் எப்படி வந்தன? முறையான விற்பனையில் வரவில்லை. 1953இல் சுங்கத் தீர்வை ஆணையம் அளித்த அறிக்கையை அடுத்து, உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டமுள்ள நிறுவனங்கள் மட்டும் தொடரலாம் என்று அரசு முடிவு செய்தது. வெறுமனே பாகங்களைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. எஞ்சியவை அம்பாசிடர், பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அனைத்தும் கார்புரேட்டர். வெளிநாட்டு வண்டிகள் பெரும்பாலும் தூதரகங்களின் பயனுக்காக வந்து, பிறகு அரசு வணிகக் கழகத்தின் வழியாக விற்கப்பட்டன; அல்லது வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தவை. வண்டி வந்தது. அதைப் பழுதுபார்க்கும் அமைப்பு வரவில்லை. உதிரி இல்லை, சோதனைக் கருவி இல்லை, பயிற்சி பெற்றவர் இல்லை.

'இஞ்செக்ஷன்' என்ற சொல்லே அன்றைய இந்திய மேஸ்திரிக்கு டீசலைத்தான் குறித்தது. 1951இல் தொடங்கப்பட்ட பெங்களூர் மைக்கோவின் டீசல் பம்புகளும் நாசில்களும் லாரித் தொழிலின் உயிர்நாடி. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ நிக்டி டிரான்ஸ்போர்ட் நகரிலோ 'பம்ப் நாசில்' பலகை தொங்கும் கடையில் நடப்பது அந்த வேலை. பெட்ரோல் காரில் மின்னணு இஞ்செக்ஷன் என்பது நம் சாலைகளில் பரவலானது 1990களின் இறுதியில்தான். 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தில்லித் தலைநகர்ப் பகுதிக்கு யூரோ விதிகளைக் கட்டாயமாக்கியது; 2000இல் நாடு முழுவதற்கும் முதற்கட்ட விதி வந்தது. எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் அதன்பிறகே கார்களின் பின்புறத்தில் பெருமையாக ஒட்டப்பட்டன. அப்படியானால் அதற்கு முன்பே, 1970களிலும் 1980களிலும், இத்தகைய வண்டி ஒன்றின் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்த மேஸ்திரி தன் முன்னே எதைக் கண்டார்?

அவர் கண்டது பாயிண்ட். என் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் டிஸ்ட்ரிபியூட்டர்கள், ஆகுர்டியில் லட்சக்கணக்கில் வெளிவந்த பஜாஜ் ஸ்கூட்டர்களின் மாக்னெட்டோ, இவற்றின் பாயிண்டுகளைத் தீட்டியும் வைத்தும் பழகிய கை அது. ஹீல் தேயும், இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும் என்பது அந்தக் கைக்கு ஏட்டறிவு வேண்டாமலே தெரியும். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் போஸ்ட்கார்டைச் செருகி இடைவெளி வைத்தவர்கள் அவர்கள். மின்னணுப் பெட்டியை அவர்கள் திறக்கவில்லை. திறந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே எஞ்சியிருந்த ஒரே இயந்திரக் கதவு, அவர்களுக்கு ஏற்கெனவே திறக்கத் தெரிந்த கதவாக இருந்தது. புதியது பழையதன் உருவில் வந்ததால் அதைப் படிக்க முடிந்தது. பிறகு வந்த எல்-ஜெட்ரானிக் வண்டிகளைப் பற்றி இதே மேஸ்திரிகள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்: "அதுல கை வைக்க ஒண்ணுமில்ல தம்பி." முன்னேற்றம் என்று நாம் சொல்வதன் மறுபக்கம் இந்த வாக்கியத்தில் இருக்கிறது.

இனி அந்தப் பட்டறை. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே சற்றுத் தள்ளித் தகரக்கூரை. முன்னால் ஒரு வேப்பமரம். மேஸ்திரிக்கு எழுபதைத் தாண்டிய வயது. தந்தை வேலூர்ப் பக்கத்திலிருந்து கிடங்கு வேலைக்கு வந்தவர். மராத்தியும் இந்தியும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நான் போன அன்று வண்டி மூன்று சிலிண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதலில் செய்தது, டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்து பெட்டிக்குப் போகும் மூன்று கம்பிப் பிளக்கைக் கழற்றியது. இரு கம்பிகள் இரு முனைகளுக்கு. மூன்றாவது பொது எர்த். அதில் முள் அசையும் பழைய மல்ட்டிமீட்டரை இணைத்தார். பல்பு வைத்துப் பார்க்கலாமே என்றேன். கூடாது என்று தலையசைத்தார். இந்த முனைகள் பல்பு எரியும் அளவு மின்னோட்டத்துக்குப் பழகியவை அல்ல. அதைப் பாய்ச்சினால் இல்லாத கருகலை நாமே உண்டாக்குவோம்.

அடுத்து அவர் செய்ததை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினார். முதல் முனை திறந்து மீட்டர் முள் விழுந்த கணத்தில் நிறுத்தி, கிராங்க் புல்லியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. அதற்கு நேராக எஞ்சின் மேல் இன்னொரு கோடு. பிறகு மீண்டும் திருப்பினார். டிஸ்ட்ரிபியூட்டரில் 180 பாகை என்பது கிராங்கில் சரியாக ஒரு முழுச் சுற்று. எனவே இரண்டாம் முனை திறக்கும்போது அதே சுண்ணக் கோடு அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. கோடு கடந்து இரண்டு விரற்கடை போனபிறகே முள் நடுங்கி, பாதி விழுந்து, மீண்டும் ஏறியது. இரண்டாம் ஹீல் முதலாவதைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று ஆய்வகத்திலும் கிடைக்காது. கருவி: ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி. கோட்பாடு: ஒரு சுற்று ஒரு சுற்றுக்குச் சமம்.

தகட்டை இரண்டு திருகுகளைத் தளர்த்தி வெளியே எடுத்தார். முதலில் துப்புரவு. பாதி நோய் அழுக்குதான் என்றார். யாரோ எப்போதோ ஹீலுக்கு அள்ளி அப்பிய கிரீஸ் தெறித்து முனைகளில் படலமாகப் படிந்திருந்தது. உப்புத்தாளைத் தொடவில்லை, துணியும் கிளீனரும் மட்டும். பிறகு இரண்டாம் முனையின் அசையாத பக்கத்தைத் தாங்கும் சிறு கொம்பை, மூக்குக் குறட்டால் பிடித்து மிக மெல்ல வளைத்தார். வளைத்தார் என்பதே மிகை, அழுத்தினார் எனலாம். பூட்டினார், திருப்பினார், கோட்டைப் பார்த்தார். ஒரு விரற்கடை. மீண்டும் கழற்றினார். நான்கு முறை இப்படி. ஐந்தாம் முறை கோடும் கோடும் நேர்நின்றன. முள் தயங்காமல் விழுந்தது. ஹீலின் நுனியில் கடுகளவு கிரீஸ் வைத்து மூடினார். மொத்தம் மூன்று மணி நேரம். அதில் இரண்டு மணி நேரம் திருகுகளைக் கழற்றுவதும் பூட்டுவதும்தான்.

இப்படி எத்தனை முறை செய்யலாம் என்று கேட்டேன். இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் வளைத்தால் இரு முனைகளின் முகங்களும் நேருக்கு நேர் சந்திக்காமல் ஓரத்தில் தொட்டுக்கொள்ளும். அதன்பின் ஹீலின்மேல் புதுத்துண்டு ஒட்டித் தீட்ட வேண்டும், அதையும் செய்திருக்கிறாராம். காந்த உணரியால் இயங்கும் மாற்றுக் கருவிகள் ஐரோப்பாவில் கிடைப்பதைச் சொன்னேன். கேள்விப்பட்டிருக்கிறார். "தம்பி, பாயிண்டுன்னா பாயிண்டுதான். ஜெர்மனியில இருந்து வந்தா என்ன, ஆகுர்டியில இருந்து வந்தா என்ன? தேயும். தேஞ்சா வைக்கணும்."

பெயரை எழுத வேண்டாம் என்றதன் காரணம் 2021 ஜூலையில் வந்த விதி. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாடற்ற வண்டிகளை வின்டேஜ் வகையில் பதிவு செய்யலாம். எண்பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். நிபந்தனை, வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது. டி-ஜெட்ரானிக் வண்டிகள் சரியாக இப்போதுதான் ஒவ்வொன்றாக அந்த ஐம்பதைக் கடந்து வருகின்றன. வண்டிக்காரர் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறார். ஒரு கொம்பை மயிரிழை வளைத்ததைப் பெருமாற்றம் என்று எந்த அதிகாரியும் சொல்லமாட்டார் என்று நான் உறுதியாகவே சொன்னேன். மேஸ்திரிக்கு நம்பிக்கை இல்லை. "கம்பெனி வச்ச மாதிரியே இருக்குன்னு எழுதிக் குடுப்பாங்க. நான் கை வச்சேன்னு நீங்க எழுதினா அவங்களுக்குத்தான் கஷ்டம்."

அவருடைய அச்சம் சட்டத்தின்படி தேவையற்றதாக இருக்கலாம். ஆனால் வரலாற்றாசிரியனுக்கு அது ஒரு செய்தி. 'மூல வடிவம்' என்ற கருத்து, வண்டி ஆலையிலிருந்து வெளிவந்த நாளோடு அதன் வரலாற்றை நிறுத்திவிடுகிறது. அதற்குப்பின் அதை ஐம்பது ஆண்டுகள் அந்த வடிவிலேயே நிறுத்தி வைத்தவர்கள் தம் உழைப்பை மறைத்தால்தான் அந்த மூலத்தன்மைக்குச் சான்று கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள். நான் பார்த்த சில வண்டிகளில் டி-ஜெட்ரானிக்கை மொத்தமாகக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் டீசல் எஞ்சினே இருந்தது. அவை மூல வடிவை இழந்தவை, ஐயமில்லை. ஆனால் அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதிரி கிடைக்காத நாட்டில் வண்டியை ஓடவைக்க அன்று அதுவும் ஒரு வழி.

இத்தகைய ஆய்வுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பயன்பாட்டை மையமாக வைத்துத் தொழில்நுட்ப வரலாற்றை எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கெவின் போர்க் அமெரிக்க மோட்டார் மெக்கானிக்குகளைப் பற்றி 2007இல் விரிவான நூல் எழுதினார். மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப் பொறி ஆகியவற்றின் இந்திய வாழ்வை டேவிட் ஆர்னால்டு ஆராய்ந்திருக்கிறார். இவர்களிடமிருந்து நான் நிறையப் பெற்றிருக்கிறேன். ஆனாலும் போர்க்குக் கிடைத்த தொழிற்பயிற்சிக் கோப்புகளும் வணிக இதழ்களும் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தவை தேய்ந்த பொருள்கள்.

தேய்மானத்தை ஆவணமாகப் படிக்கலாமா? கல்வெட்டுத் துறை நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் மழுங்கிய எழுத்தை மைப்படியில் எடுத்து, எது வெட்டு, எது சிதைவு என்று அவர்கள் பிரிப்பதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. அந்தத் தகட்டை லென்ஸில் பார்த்தேன். கொம்பில் இன்றைய குறடு பதித்த தழும்புக்கு அருகே, மங்கிப்போன வேறொரு தழும்பு இருந்தது; பல்வரிசை வேறு, கோணமும் வேறு. மேஸ்திரியிடம் காட்டினேன். தன்னுடையது அல்ல என்றார். இதற்குமுன் இந்த வண்டி எங்கே ஓடியது, யார் கையில் இருந்தது என்பது வண்டிக்காரருக்கும் தெரியாது. ஆனால் இதே கொம்பை இதே திசையில் வளைக்க வேண்டும் என்று இன்னொருவர் தாமாகவே கண்டறிந்திருக்கிறார். 'சரிசெய்ய இயலாது' என்று அச்சிட்ட உறுப்பு குறைந்தது இருமுறை சரிசெய்யப்பட்டிருக்கிறது. அன்று கூட்டத்தில் என்னிடம் கேட்ட ஆவணம் இதுதான் என்று இப்போது சொல்வேன்.

புறப்படும்போது கையேட்டின் அந்தப் பக்கத்தை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இயலாது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். சிரித்தார். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். பட்டறையில் ஒட்டி வைக்கவாம். பதிலுக்கு நான் அவருடைய பழைய கணக்குநோட்டில் சுண்ணக்கோட்டு முறையை வரைந்து வைத்திருந்த பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டேன். ஒரு வட்டம், அதில் ஒரு கோடு, பக்கத்தில் தமிழில் 'ஒரே இடம்' என்று இரண்டு சொற்கள். இரண்டு பக்கங்களையும் மூன்றாம் இயலில் அருகருகே வைத்து நெறியாளருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.